பச்சைப் பாசியும் எமது கடலும்: மீன்தொட்டிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் தம்பிமார் கட்டாயம் வாசியுங்கள்.

திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் இப்போது பல வீடுகளில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கொழும்பில் அது பணக்காரர் விளையாட்டு. எமக்கோ கடல் வாசலில் கிடக்கிறது. தண்ணீர் சும்மா, மணல் சும்மா, மீனும் சும்மா. முதல் மாதம் தொட்டி பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாம் மாதம் கல்லில் கபில நிறத் தூள் படியும். மூன்றாம் மாதம் பச்சை முடி முளைக்கும். கண்ணாடி மங்கும். உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டி வரும். அப்போதுதான் வகுப்பறையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் அந்தக் கேள்வி வருகிறது: "சேர், பாசிக்கு என்ன மருந்து?"

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு இலகுவான பதில்கள் உலாவுகின்றன. ஒன்று, செப்புச் சல்பேற்று, குளோரின், இல்லாவிட்டால் பாமசியில் வாங்கும் நுண்ணுயிர்கொல்லி மாத்திரை என்று ஏதாவதொன்றைக் கரைத்து ஊற்றுவது. மற்றது, பாசி பிடித்த கல்லைத் தூக்கி எறிந்துவிட்டுப் புறாமலைப் பக்கமிருந்து புதுக் கல் கொண்டு வருவது. இரண்டையும் மனிதர் எம்மை விடப் பெரிய அளவில் முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். அதில் ஒன்று எமது துறைமுகத்துக்கு மிக நெருக்கமானது. அதன் விளைவு என்ன என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பாசி என்பது என்ன?

விஞ்ஞானப் புத்தகத்தில் அல்கா என்று படிக்கிறோமே, அதுதான். வெளிச்சம், நைத்திரேற்று, பொசுபேற்று இந்த மூன்றும் கிடைத்தால் வளரும். மீனுக்குப் போடும் தீனும் மீனின் கழிவும் அழுகி முதலில் அமோனியாவாகின்றன. பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்குகின்றன. நைத்திரேற்று தொட்டியை விட்டுத் தானாக வெளியே போவதில்லை. அங்கேயே சேர்ந்துகொண்டு போகும். ஆகவே தொட்டியில் பாசி வருகிறது என்றால் எரு கூடிவிட்டது என்று அர்த்தம். வயலில் உரம் கூடினால் களை கிளம்புவது போலத்தான்.

எல்லாப் பாசியும் எதிரியுமல்ல. கல்லில் இளஞ்சிவப்பாகப் பூச்சுப் பூசியதுபோல் படரும் சுண்ணாம்புப் பாசி, முருகைக்கற்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் சீமெந்து. அது உங்கள் தொட்டியில் வந்தால் சந்தோசப்படுங்கள். மணலில் சிவப்பு வழுவழுப்பாய்ப் படர்வது உண்மையில் பாசியே அல்ல, ஒளித்தொகுப்புச் செய்யும் ஒருவகைப் பற்றீரியா. தொந்தரவு தருவது இந்தச் சிவப்பு வழுவழுப்பும் பச்சை முடிப்பாசியும்தான்.

துறைமுகமும் செப்புத் தகடும்

பாசியோடு மனிதன் செய்த முதல் பெரிய யுத்தம் கண்ணாடித் தொட்டியில் நடக்கவில்லை. கப்பலின் அடிப்பக்கத்தில் நடந்தது. மரக் கப்பல் வெப்பக் கடலில் சில மாதம் கிடந்தால் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொள்ளும், புழு மரத்தைத் துளைக்கும். பாசி பிடித்த கப்பல் வேகம் குறையும். போர்க்கப்பலுக்கு வேகம் குறைந்தால் உயிர் போன மாதிரி.

1761 இல் பிரித்தானியக் கடற்படை எச்.எம்.எஸ். அலாம் என்ற கப்பலின் அடியை மெல்லிய செப்புத் தகடுகளால் மூடி மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பிப் பார்த்தது. செப்பு கடல்நீரில் மெதுவாகக் கரையும். கரையும் செப்பு பாசிக்கும் சிப்பிக்கும் நஞ்சு. கப்பலின் அடி சுத்தமாக இருந்தது. ஆனால் செப்புத் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயின. இரண்டு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்தால் ஒன்று மற்றதைத் தின்னும் என்பதைக் கடற்படை அப்படித்தான் கண்டுகொண்டது. பிறகு 1780 அளவில் பிரித்தானியா தன் கப்பற்படை முழுவதற்கும் செப்புத் தகடு அடித்தது.

அதன் பயனை எமது கடலே பார்த்தது. 1782 இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் திருகோணமலையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினார். ஓகஸ்ட் 31 இல் கோட்டை சரணடைந்தது. அதை அறியாமல் காப்பாற்ற வந்த எட்வர்ட் ஹியூஸின் கப்பற்படை, துறைமுகத்தில் பிரெஞ்சுக் கொடி பறப்பதைத்தான் கண்டது. செப்டெம்பர் 3 ஆம் திகதி எமது கரைக்கு வெளியே இரு படைகளும் மோதின. சுஃப்ரனிடம் 14 பெரிய கப்பல்கள், ஹியூஸிடம் 12. அந்த ஆண்டு முழுவதும் இந்தியப் பெருங்கடலில் இந்த இருவரும் துரத்திக்கொண்டு திரிந்தபோது ஹியூஸின் கப்பல்கள் எல்லாமே செப்பு அடித்தவை, சுஃப்ரனுடையவற்றில் ஒரு பகுதிதான் அப்படி. செப்பு அடித்த கப்பலும் அடிக்காத கப்பலும் ஒரே வேகத்தில் போகாததால் பிரெஞ்சு அணிவகுப்பு குலைந்து குலைந்து போனது என்று கடற்போர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரு துறைமுகத்தின் தலைவிதியில் பாசிக்கும் பங்கிருந்தது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மரக் கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்தபோது செப்புத் தகடு அடிக்க முடியவில்லை. நஞ்சு கலந்த வர்ணம் வந்தது. 1960களில் டிரைபியூட்டில்டின் என்ற தகரச் சேர்வை சேர்த்த வர்ணம் உலகமெங்கும் பரவியது. ஒருமுறை பூசினால் வருடக்கணக்கில் பாசியே பிடிக்காது. எல்லோருக்கும் சந்தோசம். சில வருடங்களில் பிரான்ஸின் ஆக்கஷோன் குடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடுகள் கோணலாகத் தடித்து வளர்ந்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. கடல் நத்தைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கம் நின்றது. நஞ்சு கப்பலோடு நிற்கவில்லை, குடா முழுவதும் பரவியிருந்தது. 1982 இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் உடன்படிக்கை 2001 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2008 இல் நடைமுறைக்கு வந்தது. பாசியைக் கொன்ற நஞ்சை உலகம் ஒன்றுகூடி நிறுத்தியது.

இப்போது வீட்டுத் தொட்டிக்கு வாருங்கள். ஒரு பெரிய குடாவில் இப்படி என்றால் 100 லீற்றர் தண்ணீரில் என்ன நடக்கும்? செப்பு மருந்து போட்டால் பாசிக்கு முன்னால் இறாலும் நத்தையும் முருகையும் சாகும். சுண்ணாம்புக் கல் செப்பை உறிஞ்சி வைத்திருந்து மாதக்கணக்கில் திரும்பக் கசியவிடும். அந்தக் கல் இருக்கும் தொட்டியில் பிறகு இறால் வைக்கவே முடியாது. குளோரின் போட்டால் பாசியோடு சேர்ந்து கழிவை மாற்றும் பற்றீரியாவும் சாகும். செத்த பாசி அழுகி மீண்டும் அமோனியாவாகும், அடுத்த மாதம் இரட்டிப்பாக முளைக்கும். மாத்திரை கரைப்பதும் அதே கதைதான். மனிதருக்கு வைத்திருக்கும் மருந்தை மீன்தொட்டியில் ஊற்றி, அந்தத் தண்ணீரை வடிகானில் விடுவதில் உள்ள ஆபத்து வேறு.

நத்தை கற்றுத் தந்த பாடம்

சரி, நஞ்சு இல்லாமல் என்ன செய்தார்கள்?

இலண்டனில் அன்னா தைன் என்றொரு பெண்மணி. ஒரு மதகுருவின் மனைவி. 1846 இல் கடற்கரை ஊரான டோர்கியில் கண்ட முருகை உயிர்களை ஒரு சாடியில் போட்டுக் கடலே இல்லாத இலண்டனுக்குக் கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் காற்று மோட்டார் இல்லை. வேலைக்காரப் பெண் தினமும் திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றப் பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றிக் காற்றேற்ற வேண்டியிருந்தது. அடுத்த வருடம் தைன் அந்தச் சாடியில் கடற்பாசியையே சேர்த்தார். பாசி ஒட்சிசன் கொடுத்தது. உயிர்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தன. நாம் எதிரி என்று நினைக்கும் பாசிதான் முதல் தொட்டிக்கு உயிர் கொடுத்தது.

அதே நகரில் ரொபர்ட் வொரிங்டன் என்ற இரசாயனவியலாளர் 1850 இல் தன் சோதனையை எழுதி வெளியிட்டார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நன்னீர்ச் செடியும் இரண்டு தங்க மீன்களும் வைத்தார். முதலில் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு செடியின் பழுத்த இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சை வழுவழுப்புப் படர்ந்தது. எங்கள் தம்பிமாரின் அதே பிரச்சினை, 175 வருடங்களுக்கு முன்! அவர் இரசாயனவியலாளர். மருந்து தேடியிருந்தால் அலுமாரி நிறையக் கிடைத்திருக்கும். ஆனால் அவர் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பச்சைப் படலத்தையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. 1852 இல் அதையே கடல்நீரிலும் செய்து பார்த்தார். பாறைகளில் ஒட்டியிருக்கும் சிறு கடல் நத்தைகள் அந்த வேலையைச் செய்தன.

நத்தையின் நாக்கில் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். கண்ணாடியில் ஊரும் நத்தையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வயலில் கதிர் அறுப்பவன் அரிவாளை வீசி வீசி முன்னால் போவது போல, நாக்கை வீசி ஒரு சுத்தமான பாதையை விட்டுக்கொண்டே போகும்.

1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் உலகின் முதலாவது பொதுமக்கள் பார்க்கும் மீன்காட்சியகம் திறந்தது. அதற்கு உயிர்களைச் சேர்த்துக் கொடுத்த பிலிப் ஹென்றி கோஸ் அடுத்த வருடம் ஒரு புத்தகம் எழுதினார். அக்குவாரியம் என்ற சொல்லை இந்தக் கருத்தில் பரப்பியதே அந்தப் புத்தகம்தான். கண்ணாடிக்கிருந்த வரி 1845 இல் நீக்கப்பட்டிருந்ததால் தொட்டி மலிவு. வீட்டுக்கு வீடு கடல்தொட்டி வைக்கும் பைத்தியம் இங்கிலாந்து முழுவதையும் பிடித்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எமக்கு முக்கியம். ஆயிரக்கணக்கானோர் கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினார்கள். வற்றுக் காலத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் இருந்த உயிர்களையெல்லாம் உரித்தெடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதில் பெரும்பகுதி சில வாரங்களில் செத்தது. பிறகு திரும்பவும் வந்து எடுத்தார்கள். கோஸின் மகன் எட்மண்ட் கோஸ் 1907 இல் எழுதிய நினைவு நூலில், தான் சிறுவனாகத் தகப்பனோடு கண்ட அந்த அழகான பாறைக் குழிகள் எப்படிப் பாழாகிப் போயின என்று வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். கடலை நேசித்து எழுதிய ஒரு மனிதரின் புத்தகமே அந்தக் கரையை வெறுமையாக்கியது.

ஜகார்த்தா, பெர்லின், வொஷிங்டன்

அதன் பிறகு நூறு வருடம் கடல்தொட்டி என்றாலே சிரமம்தான். மீனை வைத்திருப்பார்கள், கல்லை வெளியே எடுத்து வெளுத்துக் கழுவித் திரும்ப வைப்பார்கள். 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையொன்றில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல், சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழ், வேறொன்றுமில்லை. கல்லின் துளைகளுக்குள் இருந்த பற்றீரியாவும் புழுவும் நத்தையும் கழிவைக் கவனித்துக்கொண்டன. எம்மைப் போல வெப்பக் கடலோரத்தில் வாழ்ந்த ஒருவர் கண்ட வழி அது. பிறகு பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் அதோடு நுரை பிரிக்கும் கருவியைச் சேர்த்தார்கள். நுண் குமிழ்களில் ஒட்டும் கழிவை, அது அழுகி எருவாகுமுன்பே நுரையாக வெளியேற்றுவது அதன் வேலை. கறி கொதிக்கும்போது மேலே வரும் நுரையை அகப்பையால் அள்ளி எறிவோமே, அதே யோசனை.

வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி வேறு திசையில் போனார். அவர் சுண்ணாம்புப் பாசி ஆராய்ச்சியாளர், பாசியை வெறுக்காதவர். 1980 இல் அங்கே ஒரு முருகைப் பாறைத் தொட்டியைப் பொதுமக்களுக்குத் திறந்தார். தொட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வலைத் திரை விரித்து, மேலே வெளிச்சம் போட்டு, தொட்டித் தண்ணீரை அதன்மேல் அலை அலையாக ஓடவிட்டார். பாசி அந்தத் திரையில் செழித்து வளர்ந்து நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் உறிஞ்சியது. குறித்த நாளில் திரையைச் சுரண்டிப் பாசியை வெளியே எடுத்தார். எருவும் அதோடு வெளியே போனது. உள்ளே பாசிக்குச் சாப்பாடு மிஞ்சவில்லை.

நத்தை தின்பது, நுரையாக எடுப்பது, திரையில் வளர்த்து அறுப்பது, இவை எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைதான். எருவைக் குறை, மேய்பவனை வை, அறுவடை செய். 

மத்தியதரைக் கடலில் ஒரு சதுர மீற்றர்

தொட்டியிலுள்ளதைக் கடலில் கொட்டினால் என்ன, கடலில் இருந்து வந்ததுதானே என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகுதி.

கோலேர்ப்பா என்று ஒரு பச்சைப் பாசி. பன்னம் இலை போல அழகாயிருக்கும். தொட்டியில் நைத்திரேற்றை நன்றாக உறிஞ்சும் என்பதால் வளர்ப்பாளர்கள் விரும்பினார்கள். ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் மிருகக்காட்சிச்சாலையில் வளர்ந்த ஒருவகை குளிரையும் தாங்கியது. 1984 இல் மொனாக்கோவின் கடலியல் நூதனசாலைக்குக் கீழே கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் அளவில் அது காணப்பட்டது. பிரெஞ்சு உயிரியலாளர் அலெக்சாண்டர் மைனெஸ் எச்சரித்துக்கொண்டே இருந்தார். யார் காரணம் என்று வாதாடிக்கொண்டிருந்த வருடங்களில் அது ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் கடலடியை மூடியது. அதில் நஞ்சு இருப்பதால் அங்குள்ள மீன்கள் மேயவில்லை. 2000 இல் அதே வகை கலிபோர்னியாவில் ஒரு களப்பில் தெரிந்தது. அங்கே உடனே தார்ப்பாய் விரித்து அடியில் குளோரின் செலுத்திக் கொன்றார்கள். முற்றாக ஒழிந்தது என்று 2006 இல்தான் அறிவித்தார்கள். செலவு பல மில்லியன் டொலர். யாரோ ஒருவர் ஒரு தொட்டியைக் கழுவி ஊற்றியதற்கு அத்தனை விலை.

கொட்டியாரக் குடாவுக்குள் மகாவலி வந்து விழுகிறது. குடாவின் தண்ணீர் சூடானது, வெளிக்கடலைப் போல அலையடிப்பில்லாதது. புதிதாக வரும் ஓர் உயிர் வேரூன்ற அதைவிட வசதியான இடம் வேண்டுமா? கொழும்புக் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பாசித் துண்டு, நத்தை, மீன் எதுவானாலும் குடாவில் விடுவது பாவம் பார்ப்பதாகாது.

கடலே ஒரு தொட்டியாகும்போது

கரிபியன் கடலில் நீண்ட கறுப்பு முள்ளுகளுடைய கடல் முள்ளெலி பாறையெங்கும் இருந்தது. 1983 இல் பனாமாப் பக்கம் ஒரு நோய் தொடங்கி ஒரே வருடத்தில் கடல் முழுவதும் பரவியது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் செத்தன. யமேக்காவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கனவே மனிதர் பிடித்து முடித்திருந்தார்கள். முள்ளெலி ஒன்றுதான் கடைசி மேய்ப்பனாக மிஞ்சியிருந்தது. அதுவும் போனதும் பாசி எழும்பியது. 1970களின் பிற்பகுதியில் 50 வீதத்துக்கு மேல் இருந்த உயிர் முருகை, 1990களின் தொடக்கத்தில் 5 வீதத்துக்குக் கீழே போனது. 4 வீதமாயிருந்த பாசி 92 வீதமாகியது. இவ்வளவு பெரிய கடலுக்கு யாரும் மருந்து ஊற்ற முடியவில்லை.

எமது நாட்டில் 1998 இல் கடல் சூடேறி முருகைகள் வெளுத்தன. ஹிக்கடுவையில் ஆழம் குறைந்த முருகைகள் பெருமளவில் செத்து, செத்த கல்லில் பாசி ஏறியது. திருகோணமலைப் பாறைகள் அந்த முறை பெரும்பாலும் தப்பின. எமக்குக் கிடைத்தது ஓர் அமானிதம். அதை எப்படி வைத்திருக்கிறோம்?

புறாமலை என்று நாம் சொல்லும் புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே முகமூடி போட்டு நீந்தியவர்களுக்குத் தெரியும், கிளிமீன் கூட்டம் கல்லைச் சுரண்டும் சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். நாம் சந்தையில் ஆவலோடு வாங்கும் ஒரா மீனும் பாசி மேய்வதுதான். வாலடியில் கத்திபோல் முள்ளிருக்கும் நீல மீன், அதுவும் பாசி மேய்வதே. இவர்கள்தான் புறாமலையின் துப்புரவுத் தொழிலாளர்.

அந்த நீல மீனுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. அலங்காரக் கடல்மீன் ஏற்றுமதி உலகிலேயே முதலில் தொடங்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1930களில் மிகச் சிறிய அளவில் ஆரம்பித்தது. ஆர்தர் சி. கிளார்க்கோடும் மைக் வில்சனோடும் சேர்ந்து எமது கடல்களில் சுழியோடிய ரொட்னி ஜொங்க்ளாஸ் அந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர். 1975 இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்று 200க்கு மேற்பட்ட கடல்மீன் இனங்கள் இங்கிருந்து போகின்றன. பெரும்பாலும் எல்லாம் கடலில் பிடித்தவையே. வாடைக்காலத்தில் தெற்கிலும் கச்சான் காலத்தில் எமது பக்கத்திலும் சுழியோடிகள் இறங்குகிறார்கள்.

ஆக, ஐரோப்பாவில் ஒருவருடைய கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன எமது பாறையின் மேய்ப்பன் விமானம் ஏறிப் போகிறான். சுழியோடும் சகோதரர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு உயிரைப் பணயம் வைத்துத்தான் அவர்கள் குடும்பத்தைப் பார்க்கிறார்கள். கையில் சிறு வலையோடு ஒவ்வொன்றாகப் பிடிப்பவர் கடலுக்குச் செய்யும் சேதம் குறைவு. முருகையின் மேல் ஈயம் கட்டிய மொக்சி வலையைப் போட்டுக் கம்பியால் கல்லை உடைத்து மீனைக் கலைப்பதும், டைனமைட் வீசுவதும் வேறு. இரண்டும் தடை செய்யப்பட்டவை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மீன்பிடி நீரக வளங்கள் சட்டத்தின் கீழ் 1998 இல் வந்த ஒழுங்குவிதிகள் சில மீன்களின் ஏற்றுமதியை முற்றாகத் தடுத்தும் சிலவற்றை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியும் உள்ளன. சட்டம் இருக்கிறது. இந்தப் பாறையில் மேய்பவர்கள் குறைந்தால் அடுத்த முறை கடல் சூடேறும்போது எமக்கு ஹிக்கடுவையின் கதைதான் என்பதைச் சுழியோடியும், மீன் வாங்குபவரும், சுற்றுலாப் படகோட்டியும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். மூவருடைய அடுப்பும் அந்தப் பாறையில்தான் எரிகிறது.

சரி சேர், எங்கள் தொட்டிக்கு என்ன செய்வது?

வரலாறு சொன்ன வழியையே செய்யுங்கள்.

தீனைக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். உறைந்த இறாலைப் போடுவதானால் நன்னீரில் கழுவிப் போடுங்கள். அந்தச் சாற்றில்தான் பொசுபேற்று இருக்கிறது.

வெளிச்சம் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தொட்டியை வெயில் விழும் யன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

நீர் வற்றினால் நன்னீரால் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல. வற்றுவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நீங்கள் கடல்நீரையே ஊற்றினால் அது 40, 45 என்று ஏறிக்கொண்டு போகும்.

வாரம் ஒருமுறை 10 வீதம் தண்ணீர் மாற்றுங்கள். அந்தக் கடல்நீரை உள்துறைமுகத்திலோ ஆற்று முகத்துக்குப் பக்கத்திலோ அள்ள வேண்டாம். மழைக்குப் பிறகு சில நாள் பொறுங்கள். வெளிக்கடல் தண்ணீர்தான் எரு குறைந்தது.

முடிப்பாசியைக் கையால் பிடுங்குங்கள். மிஞ்சியதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மிதப்பதை வலையால் அள்ளி வெளியே போடுங்கள். நீங்கள் பிடுங்கி எறியும் ஒவ்வொரு கைப்பிடியிலும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் வெளியே போகின்றன. அதை வீட்டுத் தென்னைக்குப் போடுமுன் நன்றாக நன்னீரில் அலசுங்கள்.

பாறைக் கரையில் ஒட்டியிருக்கும் சிறு நத்தைகள் நாலைந்து போதும். பூங்காவுக்குள் எடுக்க வேண்டாம். இவை தண்ணீருக்கு மேலே ஏறும் பழக்கமுள்ளவை, ஆகவே தொட்டியை மூடி வையுங்கள். அந்த நீல மீனை மட்டும் வைக்காதீர்கள். நீந்திப் பழகிய பிராணி, 100 லீற்றரில் நெடுநாள் வாழாது.

புதுத் தொட்டியில் வரும் கபில நிறத் தூளைக் கண்டு பயப்பட வேண்டாம். கழுவிக் கழுவி மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் அது முடியவே முடியாது. பற்றீரியா ஊன்ற ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். பொறுத்தவருக்குத் தொட்டி நிற்கும்.

கல்லுக்காகப் புறாமலைக்குப் போகாதீர்கள். தேசியப் பூங்காவிலிருந்து கல், முருகை, சிப்பி, மீன் எதை எடுப்பதும் குற்றம். உயிர் முருகையை உடைத்தெடுப்பது நாட்டின் எந்தக் கரையிலும் தடை. காய்ந்த கல் வாங்கி வையுங்கள், நன்றாக நடக்கும் ஒரு தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கைப்பிடியளவு கல் கேளுங்கள். அதிலிருக்கும் பற்றீரியா உங்கள் கல்லுக்குப் பரவும். தயிருக்கு உறை கேட்டு அடுத்த வீட்டுக்குப் போவது எமக்குப் புதிதா?

இதைச் செய்ய ஊருக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, நகரப் பகுதியில் தொட்டி வைத்திருப்பவர்கள் கீழே உங்கள் ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள். உறை கல்லும் நத்தையும் பரிமாற, வேண்டாத மீனைக் கடலில் விடாமல் இன்னொருவர் பொறுப்பெடுக்க, ஒரு வட்டம் சேர்ப்போம். பாடசாலை விஞ்ஞான மன்றங்களும் ஒரு தொட்டியை வைத்து, வாரா வாரம் நைத்திரேற்றை அளந்து சுவரில் வரைபு ஒட்டலாம். க.பொ.த. சாதாரண தரத்தில் நைதரசன் வட்டத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதைக் கண்ணால் காணட்டும்.

பயனுள்ளதென்றால் பகிருங்கள்.